யூரோ ஹாக்கி லீக்: புட்பால் பைத்தியமான என் மருமகனுக்குச் சொன்னது

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து, அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கிற நேரத்தில், நாகர்கோவிலில் எங்கள் வீட்டு டிவி முன்னால் நானும் அக்கா மகனும் உட்கார்ந்திருந்தோம். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி காலிறுதி, இந்தியாவும் பிரிட்டனும். பதினேழாவது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள், மிச்ச ஆட்டம் முழுக்க நம் பக்கம் பத்துப் பேர்தான். மருமகன் தூத்தூர்ப் பக்கத்துப் பையன். வல்லவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று அந்தக் கடற்கரை நெடுக வலை காயும் மணலில் பந்து உருளாத சாயங்காலம் கிடையாது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அணிகளில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கோல்கீப்பர் பெயர்வரை ஒப்பிப்பான், ஆனால் ஒரு ஹாக்கி ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பது அன்றுதான் முதல் முறை.

"அதென்ன மாமா, நாலு துண்டா வெட்டி வெளையாடுதானுவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. அறுபது நிமிடம் முடிந்தபோது 1-1. ஷூட் அவுட் என்றார்கள். அவன் மறுபடியும் ஆரம்பித்தான். "பெனால்டின்னா பந்த வச்சு அடிக்க வேண்டியதுதானே, இவன் எதுக்குப் பந்தத் தள்ளிட்டு ஓடுதான்?"

நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்து, 4-2 என்று இந்தியா ஜெயித்து, குழம்பு அடிப்பிடித்து, எல்லாம் முடிந்த பிறகு சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அவன் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது, அந்த இடம் ஒலிம்பிக்ஸ் இல்லை, உலகக் கோப்பையும் இல்லை. ஐரோப்பாவில் கிளப்புகள் ஆடுகிற ஒரு போட்டி. பெயர் யூரோ ஹாக்கி லீக்.

ஹாக்கியின் சாம்பியன்ஸ் லீக் என்று சொன்னதும் அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது. ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் லீக் நடக்கும், அதில் மேலே வந்த கிளப்புகள் ஐரோப்பிய அளவில் மோதும், கடைசியில் நிற்கிற கிளப்புதான் ஐரோப்பாவின் சாம்பியன். மிச்சப் பாதிக்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டும், அதிலும் முதலில் கிளப் என்றால் என்ன என்பதற்கு.

நமக்கு ஹாக்கி என்றாலே இந்தியா என்று எழுதிய நீலச் சட்டைதான். ஒலிம்பிக்ஸில் எட்டுத் தங்கம், தயான் சந்த், 1980 மாஸ்கோவில் நம்ம பாஸ்கரன் தலைமையில் கடைசித் தங்கம், எல்லாமே நாட்டு அணியின் கதை. அந்த வீரர்கள் வருஷம் முழுக்க எங்கே விளையாடுகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ரயில்வே, இந்தியன் ஆயில், ராணுவம், ஏதாவது ஒரு வங்கி என்று பதில் வரும். வேலை கொடுக்கும் துறைதான் அணி. கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும்போது போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், அணிகளின் பட்டியலே ஏதோ அரசாங்க டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும். குறை சொல்லவில்லை, அந்த வேலைதான் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஆனால் அதற்குப் பெயர் கிளப் இல்லை.

சென்னை சூப்பர் கிங்ஸும் அந்த அர்த்தத்தில் கிளப் இல்லை. ஹாக்கி இந்தியா லீக்கில் ஆடுகிற தமிழ்நாடு டிராகன்ஸும் இல்லை. அவை முதலாளி ஏலத்தில் ஆள் எடுத்துச் சேர்க்கிற அணிகள், சீசன் முடிந்தால் கலைந்துவிடும். நெதர்லாந்திலோ ஜெர்மனியிலோ ஹாக்கி கிளப் என்பது ஊர்க்காரர்கள் சந்தா கட்டி நடத்துகிற சங்கம். ஆறு வயதுப் பிள்ளை அங்கேதான் முதலில் ஸ்டிக்கைப் பிடிக்கும், அதே மைதானத்தில் அதன் அம்மா வார இறுதியில் ஆடுவார், தாத்தா கிளப் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பியர் குடித்தபடி எல்லாரையும் திட்டுவார், அந்தக் கிளப்பின் முதல் அணியில்தான் ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்கியவனும் ஆடுவான். பலர் படிப்பையோ வேலையையோ கையில் வைத்துக்கொண்டே ஆடுகிறவர்கள். நம் மாவட்டத்தில் இதற்குப் பக்கத்தில் வருவது கடலோரக் கிராமங்களின் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்புதான். ஊர்க்காரன்தான் ஆடுவான், ஊர்க்காரன்தான் காசு பிரிப்பான், தோற்றால் ஊருக்கே கோபம் வரும். அப்படி ஒன்றை எடுத்து நல்ல மைதானமும் பயிற்சியாளரும் கொடுத்து நூறு வருஷம் விட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

(நான் படித்த பள்ளியில் ஹாக்கி ஸ்டிக் இருந்தது. பி.டி. அறைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். ஐந்து வருஷத்தில் இரண்டு முறை வெளியே வந்தது, இரண்டு முறையும் யாரோ அதிகாரி பார்வையிட வந்த நாள். பள்ளியின் பெயர் வேண்டாம்.)

சரி, போட்டிக்கு வருவோம்.

ஐரோப்பாவில் கிளப் சாம்பியன் போட்டி 1969இலேயே தொடங்கிவிட்டது. அப்போது அதற்கு வேறு பெயர், சாம்பியன் கிளப்புகளுக்கான கோப்பை. ஆனால் அதை மைதானத்துக்கு வந்தவர்களைத் தவிர யார் பார்த்தார்கள் என்பது சந்தேகம். ஜெர்மனியின் ஊலன்ஹோர்ஸ்ட் முல்ஹைம் என்ற கிளப் 1988 முதல் 1996 வரை தொடர்ந்து ஒன்பது வருஷம் அந்தக் கோப்பையை வாங்கியது. ஒன்பது வருஷம் ஒரே வீட்டு அலமாரி. மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

2007இல் ஐரோப்பிய ஹாக்கிக் கூட்டமைப்பு அந்தக் கோப்பையை மூடிவிட்டு 2007-08 சீசனில் யூரோ ஹாக்கி லீக்கை ஆரம்பித்தது. நோக்கத்தை ஒளிக்கவில்லை: டிவியில் பார்க்கிற மாதிரி ஹாக்கியை மாற்ற வேண்டும். வெள்ளைப் பந்து சின்னது, வேகம் அதிகம், ஸ்டிக்குகளுக்கு நடுவில் எங்கே போனது என்று தெரியாது, அம்பயர் விசில் ஊதினால் ஏன் ஊதினார் என்றும் தெரியாது. புதிதாகப் பார்க்கிறவன் பத்து நிமிடத்தில் சானல் மாற்றிவிடுவான். என் மருமகனும் அதைத்தான் செய்திருப்பான், ரிமோட் என் கையில் இருந்ததால் தப்பித்தேன்.

தொடக்கத்தில் மொத்தம் 24 கிளப்புகள். எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பதை அந்த நாட்டுக் கிளப்புகள் முந்தைய வருஷங்களில் எப்படி ஆடின என்று கணக்குப் போட்டு முடிவு செய்வார்கள், முன்வரிசை நாடுகளுக்கு மூன்று இடம் வரை கிடைக்கும், மற்றவற்றுக்கு இரண்டோ ஒன்றோ. இது அப்படியே புட்பால் சாம்பியன்ஸ் லீக் கணக்குதான், மருமகனுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று மூன்று கிளப்பாக எட்டுப் பிரிவு, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு மேலே போகும், பதினாறாகும், அப்புறம் தோற்றால் வீடு.

பிரிவு ஆட்டங்களில் புள்ளி கொடுத்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜெயித்தால் 5, டிரா என்றால் 2, தோற்றால் 0. ஆனால் மூன்று கோலுக்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் 1 புள்ளி உண்டு. ஒருவன் 4-1 என்று பின்தங்கியிருக்கிறான், ஆட்டம் முடிய ஐந்து நிமிடம், சாதாரணமாக அங்கே இரண்டு அணியும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். இங்கே அவன் இன்னும் ஒரு கோல் போட்டால் 4-2, வித்தியாசம் இரண்டு, கையில் ஒரு புள்ளி. மூன்றே கிளப் உள்ள பிரிவில் அந்த ஒன்று அடுத்த சுற்றுக்கு வழி திறக்கலாம். ஆகவே தோற்கிறவன் கடைசிவரை பாய்வான், ஜெயிக்கிறவன் கடைசிவரை கதவை அடைத்து நிற்பான். பக்கத்துக்கு ஏழு பேராக ஆடுகிற எங்கள் ஊர் செவன்ஸ் புட்பால் போட்டிகளில் இதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ரெஃபரி ஓடிப்போய்விடுவார்.

ஆட்டங்களை லீக் மாதிரி வாரம் ஒன்று என்று இழுக்க மாட்டார்கள். கிளப்புகள் ஓர் ஊரில் கூடும், நான்கைந்து நாளில் திருவிழா மாதிரி நடத்தி முடிப்பார்கள். முதல் சுற்று அக்டோபர் வாக்கில், நாக் அவுட் ஈஸ்டருக்கு, அரையிறுதியும் இறுதியும் பெந்தெகொஸ்தே திருநாள் சமயத்தில் என்று பல வருஷம் நடந்தது. ஈஸ்டர் திங்களும் அங்கே விடுமுறை, கூட்டம் சேரும், வேலைக்குப் போகிற வீரர்களுக்கும் லீவு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பங்குத் திருவிழா என்று பார்த்துப் பந்துப் போட்டி வைக்கிற ஊர்க்காரனுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? பின்னாட்களில் வடிவம் சுருங்கி, ஈஸ்டரில் எட்டு ஆண்கள் கிளப்புகள் மோதுவது என்று ஆனது. 2021 முதல் பெண்கள் கிளப்புகளுக்கும் அதே ஈஸ்டரில் தனிப் போட்டி நடக்கிறது.

இப்போது அவன் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஹாக்கி அதுவரை புட்பால் மாதிரி இரண்டு பாதிதான், முப்பத்தைந்து நிமிடம் வீதம் எழுபது. யூரோ ஹாக்கி லீக் அந்த எழுபதை நான்காக வெட்டியது, ஒவ்வொன்றும் பதினேழரை நிமிடம். நடுவில் விளம்பரம் போடலாம் என்பது ஒரு காரணம், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆனால் ஆட்டமும் மாறியது. பயிற்சியாளருக்கு ஒரு தடவைக்குப் பதில் மூன்று தடவை ஆட்களைக் கூட்டிப் பேச வாய்ப்பு, வீரனுக்கு மூச்சு வாங்க நேரம், அதனால் ஆடுகிற நிமிடங்களில் வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை. 2014இல் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பே நான்கு பகுதி முறையை எடுத்துக்கொண்டது, பதினைந்து நிமிடம் வீதம் அறுபது. பாரிஸில் அவன் பார்த்த 'நாலு துண்டு' அதுதான்.

இரண்டாவது மாற்றம் சின்னதாகத் தெரியும், எனக்கு அதுதான் பெரிது. புட்பாலில் ஃப்ரீ கிக் எடுத்தவன் வேறொருவன் தொடும்வரை பந்தை மறுபடி தொடக் கூடாது இல்லையா, ஹாக்கியிலும் அப்படித்தான் இருந்தது. ஃபவுல் வாங்கியவன் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கி, கூட்டாளி எங்கே என்று தேடுவதற்குள் எதிரணி முழுக்கப் பின்னால் வந்து நின்றுவிடும். அதாவது ஃபவுல் செய்தவனுக்குத்தான் லாபம். யூரோ ஹாக்கி லீக் முதல் சீசனிலேயே, யாருக்கும் தள்ள வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு ஓடு என்று சொல்லிவிட்டது. செல்ஃப் பாஸ் என்று பெயர். 2009இல் அது உலகம் முழுக்க வந்தது. இன்றைக்கு இந்தியா ஆடும்போது விசில் சத்தம் அடங்குவதற்குள் ஒருவன் பந்தோடு பறப்பதைப் பார்க்கிறீர்களே, அந்தப் பறத்தலுக்கு வயது அவ்வளவுதான். மருமகன் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "புட்பால்ல இது வந்தா கொள்ளாம் மாமா" என்றான்.

மூன்றாவது ஷூட் அவுட். முன்பு ஆட்டம் சமன் என்றால் பெனால்டி ஸ்ட்ரோக். பந்து கோலிலிருந்து 6.40 மீட்டரில் அசையாமல் இருக்கும், கோல்கீப்பர் கோட்டில் நிற்க வேண்டும், ஒரே தள்ளு. பெரும்பாலும் கோல்தான், யாராவது ஒருவன் சொதப்பினால் முடிந்தது. ஹாக்கி விளையாட்டின் எந்தத் திறமையும் அதில் தெரியாது, குலுக்கல் சீட்டு மாதிரி. அதற்குப் பதிலாக வந்ததுதான் இவன் பார்த்த ஓட்டம். பந்து 23 மீட்டர் கோட்டில், எதிரே கோல்கீப்பர் மட்டும், விசில் ஊதியதும் எட்டு வினாடி. அதற்குள் எப்படி வேண்டுமானாலும் ஏமாற்றிக் கோல் போடு. கோல்கீப்பரும் கோட்டைவிட்டுப் பாய்ந்து வரலாம், சறுக்கலாம், வழியை மறிக்கலாம், தெரிந்தே ஆளைத் தடுத்தால் மட்டும் பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு அணிக்கும் ஐந்து பேர். யூரோ ஹாக்கி லீக்கில் சோதித்துப் பார்த்த இந்த முறையை 2011இல் சர்வதேச ஹாக்கி எடுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில் புவனேஸ்வரில் உலகக் கோப்பை இறுதி இதில்தான் முடிவானது, பெல்ஜியமும் நெதர்லாந்தும் கோலே இல்லாமல் அறுபது நிமிடம் ஆடி, ஷூட் அவுட்டில் பெல்ஜியம் வென்றது.

சோதிப்பதெல்லாம் நிலைக்கும் என்றில்லை. நம்ம ஹாக்கி இந்தியா லீக்கில் 2016இல், ஓடி ஆடிப் போடுகிற ஃபீல்டு கோலுக்கு இரண்டு கோல் கணக்கு என்று வைத்துப் பார்த்தார்கள். ஸ்கோர்போர்டில் எண் ஊதிப் பெரிதானதுதான் மிச்சம், சர்வதேச ஹாக்கி அதைத் தொடவில்லை. கிளப் போட்டியில் இப்படி ஒன்றைச் சோதித்துவிட்டு விட்டுவிடலாம், ஒலிம்பிக்ஸில் அது நடக்குமா.

யார் ஜெயிக்கிறார்கள்? முதல் கோப்பை 2008இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கிளப்பான ஊலன்ஹோர்ஸ்டருக்கு, பிறகு 2010, 2012 என்று இன்னும் இரண்டு. மேலே ஒன்பது வருஷம் தொடர்ந்து வாங்கிய ஊலன்ஹோர்ஸ்ட் வேறு, இது வேறு, ஊரும் வேறு. நான் ரொம்ப நாள் இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லுக்கு ஆந்தைக் கூடு என்று அர்த்தமாம், ஜெர்மனியில் ஊருக்கு ஊர் ஆந்தை போலிருக்கிறது.

ஆனால் இந்தப் போட்டியின் ராஜா நெதர்லாந்தின் புளூமன்டால். ஹார்லெம் நகரத்துக்குப் பக்கத்தில், மணல்மேடும் கடற்கரையுமாக இருக்கிற சின்ன ஊர். 2009, 2013, 2018, பிறகு 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று, ஆக ஆறு முறை. குளச்சலைவிடப் பெரிய ஊர் என்று சொல்ல முடியாத ஒரு கடலோர ஊரின் கிளப், ஐரோப்பாவை ஆறு தடவை ஜெயித்திருக்கிறது. குளச்சல் என்றதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "டச்சுக்காரனையா? அவனத்தான் நாம குளச்சல்ல வச்சு அடிச்சு விட்டோமே!" 1741 போரைச் சொல்கிறான். மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியை அங்கே தோற்கடித்ததும், பிடிபட்ட டச்சுத் தளபதி டி லன்னாய் இங்கேயே தங்கித் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்ததும், உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருப்பதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலாவிலேயே மனப்பாடம். சரி மக்களே, ஆனால் அன்றைக்கு ஹாக்கி ஸ்டிக் கொண்டுவரவில்லையே அவர்கள், என்றேன்.

2019இல் வாட்டர்லூ டக்ஸ் வென்றது, பெல்ஜியம் கிளப் ஒன்றுக்கு இந்தக் கோப்பை அதுதான் முதல் முறை. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 2018 கடைசியில் பெல்ஜியம் உலகக் கோப்பை, 2019இல் பெல்ஜியம் கிளப்புக்கு ஐரோப்பா, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெல்ஜியத்துக்குத் தங்கம். நாட்டு அணி தனியாக முகாம் போட்டு வளர்ந்தது என்று சொல்ல முடியாது, அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதோ ஒரு கிளப்புக்காக ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டிருந்தவர்கள்.

இந்தியர்கள் அங்கே ஆடியதில்லையா என்றால், ஆடியிருக்கிறார்கள். தன்ராஜ் பிள்ளை ஐரோப்பியக் கிளப்புகளுக்கு ஆடியவர். சர்தார் சிங் 2013இல் மேலே சொன்ன புளூமன்டாலுக்கே போனார், ஆஸ்திரேலியாவின் ஜேமி டுவையரும் நெதர்லாந்தின் டூன் டி நோயரும் ஆடிப் பெயர் வாங்கிய கிளப் அது. ஆனாலும் எண்ணிக்கை குறைவு. நம் வீரர்கள் வருஷத்தில் பெரும்பகுதி பெங்களூர் தேசிய முகாமில் இருப்பார்கள், முகாமை விட்டு ஒரு கிளப் சீசன் முழுக்க வெளியே போவது சுலபமில்லை. இது சரியா தவறா என்று எனக்கும் என் நண்பர்களுக்கும் பத்து வருஷமாக வாக்குவாதம் ஓடுகிறது. எனக்கு, வருஷத்துக்கு நான்கு பேரையாவது அனுப்ப வேண்டும்.

புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்களுக்கு ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். பக்கத்துக்குப் பதினொரு பேர், புட்பால் மாதிரியே. ஆஃப்சைடு கிடையாது, அந்தத் தலைவலி இல்லை. கோலுக்கு முன்னால் பெரிய 'டி' போட்டிருக்கும், அந்த டிக்குள் கோல் போட வருகிற அணி ஆளின் ஸ்டிக் பட்டுப் போனால்தான் கோல், நடு மைதானத்திலிருந்து அடித்தால் செல்லாது. டிக்குள் தற்காப்பு அணி ஃபவுல் செய்தால் பெரும்பாலும் பெனால்டி கார்னர், அதைத் தடுக்க கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்தே பேர்தான் நிற்கலாம், மற்றவர்கள் பாதி மைதானம் தாண்டிப் போய் அங்கிருந்து ஓடி வர வேண்டும். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம் வெளியே, மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து. இன்னொன்று, ஸ்டிக்கின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைத்திருக்கும். தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். இடது கைக்காரனுக்கென்று தனி ஸ்டிக்கும் கிடையாது.

கடைசியாகச் சொன்னதை அவன் நம்பவில்லை. முற்றத்தில் காய்ந்து விழுந்திருந்த தென்னை மட்டை ஒன்றை எடுத்து, ஓலையை வெட்டிப் போட்டுவிட்டு வந்து காட்டினேன். அதுவும் அப்படித்தான், உள்பக்கம் தட்டை, முதுகு புடைப்பு. வாங்கிப் புரட்டிப் பார்த்தவன், நேராக வீட்டுக்குள் போய் ஒரு டென்னிஸ் பந்தோடு வந்தான். "மாமா, நீங்க கோல்ல நில்லுங்க. அம்மா, எட்டு வர எண்ணணும்."

அக்கா வாசல்படியில் நின்று எண்ண ஆரம்பித்தாள். மூன்றில் அவன் இடப்பக்கம் சாய்ந்தான், நானும் சாய்ந்தேன், ஐந்தில் பந்தை இழுத்து வலப்பக்கம் கொண்டுபோனான், நான் அங்கே போவதற்குள் என் இடுப்பு வேறு ஏதோ சொன்னது. ஆறு. கோல் திறந்து கிடக்கிறது, பந்து அவன் இடப்பக்கம் வந்துவிட்டது, மட்டையைத் திருப்ப நேரமில்லாமல் புடைத்த முதுகாலேயே ஒரு தட்டுத் தட்டினான். பந்து மாட்டுத்தொழுவச் சுவரில் போய் மோதியது.

"ஃபவுல்" என்றேன் தரையில் உட்கார்ந்தபடி.

"ஏழு" என்றாள் அக்கா.